காருக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

எங்கள் வீட்டு சோபாவுக்கு உறை உண்டு. டி.வி. ரிமோட்டுக்கு பாலிதீன் உறை உண்டு. என் மனைவியின் பட்டுப் புடவைக்கு ஒரு மல் துணி உறை, அந்த மல் துணிக்கு மேலே ஒரு ஜவுளிக்கடைப் பை. அதனால் கார் வாங்கினால் அதற்கும் ஓர் உறை போடுவது எங்கள் பரம்பரைப் பழக்கத்தில் சேர்த்திதான். என்ன, அந்த உறைக்கு 95,000 ரூபாய் கொடுப்பேன் என்று என் பாட்டனார்கள் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பத்திரிகைக்கு எழுதி எவனும் கார் வாங்க முடியாது. (இந்த வரியை ஆசிரியர் வெட்டாமல் விட்டால் அவர் நல்லவர்.) நான் படித்தது பி.காம். திருச்சியில் உறையூர், தில்லை நகர் பக்கம் நாலைந்து கடைகளுக்குக் கணக்கெழுதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். அந்த வருமானத்தையும் பாங்க் லோனையும் சேர்த்துத்தான் கார் வாங்கினேன். சின்னக் கார். கறுப்பு. திருச்சி வெயிலில் கறுப்புக் கார் வாங்குகிறவனுக்குப் புத்தி எவ்வளவு இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

டெலிவரி எடுக்கப் போன அன்று டை கட்டிய பையன் ஒருவன் பக்கத்தில் வந்தான்.

"சார், பி.பி.எஃப். போட்டுடலாமா?"

"எனக்கு பி.எஃப். எல்லாம் கிடையாதுப்பா. சொந்தத் தொழில்."

அவன் சிரிக்கவில்லை. இந்த ஜோக்கை அவன் தினம் நாலு பேரிடம் கேட்டிருக்க வேண்டும். பொறுமையாக விளக்கினான். பெயின்ட்டின் மேல் ஒட்டும் கண்ணாடி மாதிரியான படலமாம் அது. ஒட்டினால் ஒட்டியதே தெரியாது. கல் பட்டாலும், ஆட்டோ உரசினாலும், தெருப் பையன் ஆணியால் பெயர் எழுதினாலும் அடி முதலில் படலத்துக்குத்தான்.

"அதோட, கீறல் விழுந்தா தானா ஆறிடும் சார்."

"ஆறிடுமா? மருந்து போடணுமா?"

பையன் ஒரு கறுப்புத் தகடு எடுத்து வந்தான். அதன் மேல் படலம் ஒட்டியிருந்தது. பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் அதை நாலு தேய் தேய்த்தான். எனக்குப் பல் கூசியது. தகடு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரைச் சரித்தான். கீறல்கள் ஒவ்வொன்றாக மங்கி, மங்கி, காணாமல் போயின! சின்ன வயசில் பொருட்காட்சியில் சட்டியிலிருந்து புறா வந்ததைப் பார்த்தபோது எப்படி வாயைப் பிளந்தேனோ அப்படியே பிளந்தேன். அந்த வாய் மூடுவதற்குள் கார்டைத் தேய்த்துவிட்டார்கள்.

படலத்தைப் பற்றி பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். (பணம் கொடுத்த பிறகு ஆராய்ச்சி செய்வது என் வழக்கம்.) வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் விசிறி இறக்கைகளை மணலும் கல்லும் அரித்துத் தின்றதாம். அதைத் தடுக்கத்தான் முதலில் பாலியூரிதேனில் டேப் மாதிரி ஒன்று செய்து ஒட்டினார்கள். அது பிறகு ரேஸ் கார்களின் மூக்குக்கு வந்து, மெள்ள மெள்ள உறையூர் வரைக்கும் வந்துவிட்டது. கனம் 150 முதல் 200 மைக்ரான். அதாவது இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்து வைத்த கனம். கம்பெனி பெயின்ட் மொத்தமுமே சுமார் 100, 120 மைக்ரான்தான் என்கிறபோது சட்டை உடம்பை விடத் தடிமன்!

இனி அப்பா வருகிறார்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் 36 வருஷம் ஃபிட்டர். ரிட்டயர் ஆகி 10 வருஷமாகியும் பொன்மலை சங்குக்கு எழுந்திருக்கிற உடம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து வண்டி துடைப்பது அவருக்கு சந்தியாவந்தனம் மாதிரி. முதலில் சைக்கிள், அப்புறம் டி.வி.எஸ். 50. அந்த டி.வி.எஸ். 50-ஐ விற்றபோது வாங்கியவர், "புது வண்டியை ஏன் சார் விக்கிறீங்க?" என்று கேட்டார். அப்போது அதற்கு வயசு 17.

கார் வந்த மறுநாளிலிருந்து பழைய வேட்டியைக் கிழித்து எட்டாக மடித்துக்கொண்டு அப்பா இறங்கிவிட்டார். பானெட், கூரை, கதவு, டிக்கி. எந்த இடத்தையும் விடவில்லை. நான் ஏழு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் கார் பளபளவென்று நிற்கும். 'அடடா, வாட்டர் சர்வீஸ் செலவு மிச்சம்' என்று மனசுக்குள் கிரெடிட் போட்டுக் கொள்வேன்.

மூன்று மாசம் போயிற்று. ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க்கில் நிற்கிறேன். மேலே வெள்ளை வெளேரென்று விளக்கு. பானெட்டைப் பார்த்தால், ஐயோ! சிலந்தி வலை. வட்ட வட்டமாக, நூல் நூலாக, விளக்கைச் சுற்றி ஆயிரம் கீறல். கூரையில், கதவில், எங்கே விளக்கு பட்டாலும் அங்கே ஒரு வலை.

யார் செய்தது என்று துப்பறிய சங்கர்லால் தேவையில்லை. உலர்ந்த துணி. ராத்திரி படிந்த புழுதி. புழுதி என்று நாம் சொல்வதில் பாதி பொடி மணல். அது கண்ணாடியையே கீறும். அதை மடித்த வேட்டிக்கு அடியில் வைத்து வட்டமாகத் தேய்த்தால் அது துடைப்பது இல்லை, சாணை பிடிப்பது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நானும் எழுந்தேன். அப்பா பானெட்டில் மும்முரமாக இருந்தார்.

"என்னடா, அதிசயமா எழுந்துட்ட?"

அதற்குப் பிறகு நான் பேசியதை முழுக்க எழுத மாட்டேன். கொஞ்சம் மட்டும்: "இது உங்க டி.வி.எஸ். 50 இல்லப்பா! லட்ச ரூபாய்ப் படலம்! கந்தலை வெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு நாசம் பண்ணிட்டீங்க. யாரு உங்களைத் துடைக்கச் சொன்னா?"

எதிர்வீட்டு மாமி கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. துணியை உதறினார். எட்டாக மடித்தார். உள்ளே போனார். அவ்வளவுதான்.

மறுநாள் வாளிச் சத்தம் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் கார் மேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. ஒரு காக்கா கண்ணாடியில் தன் பங்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஐந்தரைக்கு எழுந்த மனுஷர் வாசலுக்கே வராமல், கூடத்தில் நேற்றைய பேப்பரைப் படித்துக் கொண்டிருந்தார். என்னிடம் பேச்சை நிறுத்தவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "ம்" என்றேன். கார் என்ற வார்த்தை மட்டும் வீட்டில் இல்லை.

கீறலை எடுக்க யோசனை சொல்ல ஊரே தயாராக இருந்தது. பக்கத்து ஃபிளாட்காரர் பற்பசை என்றார். மாமி தேங்காய் எண்ணெய் என்றாள். (எண்ணெய் தடவினால் கீறல் நிஜமாகவே மறையும். அடுத்த மழை வரைக்கும்.) டிங்கரிங் பட்டறைக்காரர் மட்டும் தொழில்முறையில் பேசினார்.

"ரப்பிங் காம்பவுண்ட் போட்டு நல்லாத் தேய்ங்க சார். கீறலாவது ஒண்ணாவது!"

போட்டேன். பின்பக்க இடது கதவில், யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அரைமணி நேரம் தேய்த்தேன். கீறல் போனது. கூடவே பளபளப்பும் போனது. ஆவி பிடித்த கண்ணாடி மாதிரி மங்கலாக ஒரு வட்டம். அங்கே மட்டும் காருக்குக் கண்புரை!

பயந்துபோய்ப் படலம் ஒட்டிய கடைக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"காம்பவுண்ட் போட்டீங்களா? ஏன் சார்..."

அப்போதுதான் விவரம் புரிந்தது. படலத்தில் மேலாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. ஆறுகிற சக்தி அந்தப் பூச்சுக்குத்தான். காம்பவுண்ட் என்பது பொடி உப்புத்தாள் மாதிரி. பெயின்ட் கீறலை அது எப்படிப் போக்குகிறது? சுற்றியிருக்கிற இடத்தையும் கீறலின் ஆழத்துக்குச் சீவிவிடுகிறது. பெயின்ட்டுக்கு அது வைத்தியம். படலத்துக்கோ, தோலை உரித்துவிட்டு 'பார், தழும்பு இல்லை' என்று சொல்கிற கதை. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுவோம். தேய்மானம் என்றால் நிஜமாகவே தேய்ப்பது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மத்த இடத்துக்கு வெந்நீர் ஊத்துங்க சார், போதும். கொதிக்கக் கொதிக்க ஊத்திடாதீங்க. 60, 70 டிகிரி இருந்தா சரி" என்று அவர் போனை வைத்தார்.

இதையெல்லாம் கேட்டுக் கொண்டே வெண்டைக்காய் நறுக்கிக் கொண்டிருந்தாள் என் மனைவி.

"ஆக, மாமா கீறினது ஆறும். நீங்க தேய்ச்சது ஆறாது. அப்படித்தானே?"

பதில் சொல்லவில்லை.

"இன்னொண்ணு. டவுன் பேமென்ட்ல ரெண்டு லட்சம் மாமா குடுத்தது. ஞாபகம் இருக்கா? அவரோட ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைச்சுக் குடுத்தாரு."

இருந்தது. அதாவது, அவள் சொன்னதும் இருந்தது. மேலே கார் வாங்கிய கணக்கை உங்களுக்கு எழுதினேனே, வருமானம், பாங்க் லோன் என்று... அதில் இந்த இரண்டு லட்சம் இல்லை, பாருங்கள். ஒரு கடைக்காரர் இப்படி ஒரு என்ட்ரியை விட்டிருந்தால் அவரை உட்கார வைத்து அரைமணி நேரம் பிரசங்கம் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் அப்பா பேப்பரில் இருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. எப்படிக் கேட்பது என்ற முறையும் தெரியாது. ஆகவே நான் கேட்டது இது:

"அப்பா, 65 டிகிரி தண்ணின்னா எப்படிப்பா கண்டுபிடிக்கறது? வீட்டுல ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர்தான் இருக்கு."

பேப்பர் கீழே இறங்கியது.

"எதுக்கு?"

சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.

"கொதிச்ச தண்ணி ஒரு பங்கு, பைப்புத் தண்ணி ஒரு பங்கு. நூறும் முப்பதும். ரெண்டால வகு. நீதானே பி.காம்.?"

65. சரியாக 65!

வாசலுக்கு வந்ததும் நான் நேராகப் பாத்திரத்தைத் தூக்கினேன். அப்பா தடுத்தார்.

"மொதல்ல கழுவினியா? அழுக்கு மேலயே ஊத்துவியா?"

கழுவினோம். ஒரு வாளியில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். காரை ஒரு தடவை துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரே வாளி என்றால் கழுவி எடுத்த மணலையே திரும்பப் பூசிக் கொண்டிருப்போம். இதை அப்பாவிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னதும், "இது நியாயமான பேச்சு" என்றார். அந்த வாரத்தில் என் பேச்சுக்குக் கிடைத்த முதல் சர்டிஃபிகேட்.

பிறகு அப்பா குனிந்து, கட்டை விரல் நகத்தை ஒவ்வொரு கீறலுக்கும் குறுக்கே மெள்ள ஓட்டிப் பார்த்தார். கண் வேறெங்கோ இருந்தது. 36 வருஷம் எத்தனை ஆக்ஸில், எத்தனை பேரிங்கை அந்த நகம் இப்படிப் பார்த்திருக்குமோ!

"நகம் மாட்டல. மேலாப்புலதான் இருக்கு. ஊத்து."

ஊற்றினேன். பானெட்டின் ஓர் ஓரத்திலிருந்து, மெள்ள. அப்பா பக்கத்தில் நின்று கண்ணை இடுக்கிக் கொண்டு பார்த்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரே இடத்தில் ஒரு நிமிஷம் விடாமல் ஊற்றியதும், வலையில் மெல்லிய நூல்கள் முதலில் போயின. அப்புறம் கொஞ்சம் தடித்தவை. வெயிலில் பானெட்டைச் சாய்த்துப் பார்க்க முடியாதே, அதனால் நாங்கள்தான் சாய்ந்து சாய்ந்து பார்த்தோம். அப்பாவும் பிள்ளையும் இப்படிக் கழுத்தை வளைத்துக் கொண்டு நின்றதை மாமி என்னவென்று நினைத்தாளோ!

"எங்கடா போச்சு?"

பூச்சில் இருப்பவை பின்னிக் கொண்ட நீள நீளச் சங்கிலிகள், கீறும்போது அவை அறுவதில்லை, ஒதுங்கி நசுங்குகின்றன, சூடு பட்டதும் தளர்ந்து பழைய இடத்துக்கே திரும்புகின்றன என்று படித்ததை ஒப்பித்தேன்.

"அப்ப இது கீறலே இல்ல. நசுங்கல். மெட்டல் வெளியே போனாத்தான் கீறல்" என்றார் அப்பா. நான் நாலு பக்கம் படித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

கதவுகளில் வெந்நீர் நிற்காமல் வழிந்து போயிற்று. அங்கே என் மனைவியின் ஹேர் டிரையர் வந்தது. நான் ஆவலில் கிட்டே கொண்டு போனேன்.

"தள்ளிப் பிடி! ஒரு சாண் தள்ளி. ஒரே எடத்துல நிக்காத, ஈ ஓட்டுற மாதிரி ஓட்டிக்கிட்டே இரு. ஓரம் கிளம்பிடும்."

ஒட்டிய படலத்தைச் சூடு அதிகமாகி உரித்துவிடலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. பிற்பாடு கடைக்காரரும் அதையேதான் சொன்னார். அதே காரணத்துக்காக, வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பையும் ஓரங்களுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். சல்லிசாகக் கிடைக்கிற பி.வி.சி. படலங்களுக்கு இந்த ஆறும் வித்தையே கிடையாதாம். அதற்கு அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றினாலும் கார் குளித்த புண்ணியம்தான் மிச்சம். ஒட்டும்போதே டி.பி.யூ.வா என்று கேட்டு, கியாரண்டி கார்டில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

வேலை முடியும் தறுவாயில் அப்பா காரைச் சுற்றிக் கொண்டு பின்பக்க இடது கதவுக்கு வந்துவிட்டார். நான் அந்தப் பக்கம் வாளியை வைத்து மறைத்திருந்தேன். வாளியை நகர்த்தினார்.

"இது யாரு பண்ணது?"

"..."

"நான் இப்படித் தேய்க்க மாட்டேனே. எமரி போட்டியா?"

"காம்பவுண்டுப்பா."

அப்பா அந்த மங்கல் வட்டத்தைத் தடவினார். நகம் ஓட்டினார். நிமிர்ந்தார்.

"லட்ச ரூபாய்ப் படலம்" என்றார்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து என் மனைவிதான் சிரித்தாள். அப்புறம் அப்பாவுக்கும் மீசை லேசாக ஆடியது. நான் வாளியைத் தூக்கிக் கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். வாளியில் தண்ணீர் இருந்தது.

இன்னொரு கீறலும் ஆறவில்லை. டிரைவர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே. அங்கே நகம் மாட்டியது. என் சாவிக்கொத்து வளையம்தான் என்று அளந்து பார்த்து நிரூபித்துவிட்டார்கள், மாமனாரும் மருமகளும். இப்படிப் படலத்தையே வெட்டிய வெட்டுக்கு வெந்நீரும் கிடையாது, வெயிலும் கிடையாது. அந்தக் கதவுக்கு மட்டும் பழையதை உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். விசாரித்தேன். ஒரு கதவுக்கு 8,000 ரூபாய். கண்புரைக் கதவையும் சேர்த்தால் 16,000.

"அடியில பெயின்ட் போயிருக்கா?" என்றார் அப்பா. டார்ச் அடித்துப் பார்த்தோம். போகவில்லை.

"அப்ப விடு. அதுக்குத்தானே அதை ஒட்டினே?"

விட்டுவிட்டேன். 16,000 மிச்சம். அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை. அப்பாவின் இரண்டு லட்சத்தை மட்டும் தனி நோட்டில் அவர் பெயரில் எழுதி, அவரிடமே காட்டினேன். கண்ணாடி போட்டுக் கொண்டு பார்த்தார். "வட்டி போடலையே?" என்றார்.

மைக்ரோ ஃபைபர் துணி நாலு வாங்கி வந்திருக்கிறேன். மெத்து மெத்தென்று மஞ்சள் நிறம். அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. காய்த்துப் போன விரல்கள் இல்லையா, துணி நூல் நூலாகத் தோலில் மாட்டிக் கொள்கிறது. "என்ன துணிடா இது, கையை விட மாட்டேங்குது" என்று திட்டிக் கொண்டே துடைக்கிறார். கழுவாமல் துடைப்பதில்லை. நான் ஏழு மணி வரை தூங்குகிறேன். நடுவில் ஐந்தரைக்கு ஒரு தடவை விழிப்பு வருகிறது. பைப்படியில் வாளி வைக்கிற சத்தம். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு வாளி.